பெண்கள் எழுதிய பேய்க்கதைகள், காசில்லாமல்: புராஜெக்ட் குட்டன்பர்க் எப்படி இருக்கிறது?

பேய்க்கதை என்றதும் நமக்கு நினைவு வருவது வெள்ளைப் புடவையும் மல்லிகைப்பூவும் கொலுசுச் சத்தமும்தான். பேய் பெண்ணாக இருக்கும், பயந்து ஓடுகிறவன் ஆணாக இருப்பான், கதை சொல்கிறவனும் பெரும்பாலும் ஆணே. 1850க்குப் பிறகு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் எழுதிய பேய்க்கதைகளில் ஆள் மாறிவிடும். அங்கே "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்பவள் வீட்டுக்காரி, இல்லையென்றால் ஆயா, வேலைக்காரி, குழந்தை. அதைக் காதில் வாங்காதவர் பல கதைகளில் புருஷன் அல்லது டாக்டர். பேய்க்குக் கதவு திறந்துவிடுவதே அந்த அலட்சியம்தான். ஒவ்வொரு கதையிலும் யார் பேச்சை யார் கேட்கவில்லை என்று மட்டும் கவனித்துக்கொண்டே போங்கள், கதை இரண்டு மடங்கு பிடிபடும்.

இந்தக் கதைகளை அச்சில் தேடுவது வடசென்னையில் இருந்துகொண்டு லேசான வேலை அல்ல. பெரிய ஆங்கிலப் புத்தகக் கடைகளுக்கு வண்ணாரப்பேட்டையிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். போனாலும் திகில் அலமாரியில் நிற்பவை பெரும்பாலும் ஆண்களின் தடித்தடி நாவல்கள். தமிழ் அலமாரியில் பெயரைப் பார்த்து எடுத்தாலும் ஏமாறலாம்: இந்திரா சௌந்தர்ராஜன் ஆண், சுஜாதாவும் ஆண். ஆங்கிலத்தில் இதற்கு நேர்மாறு. வெர்னன் லீ என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவர் வயலெட் பாஜெட் என்ற பெண். ஆகவே போனில் இறக்கிப் படிப்பதுதான் சுலபம், அதற்குச் சிறந்த இடம் புராஜெக்ட் குட்டன்பர்க்.

1971இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கி வைத்த தளம் இது. எழுபதாயிரத்துக்கு மேல் புத்தகங்கள் உண்டு. பதிவு செய்ய வேண்டாம், விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை. பெரும்பாலும் அமெரிக்கச் சட்டப்படி உரிமைக்காலம் முடிந்த நூல்களைத்தான் வைப்பார்கள். நம் சட்டத்தில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் உரிமை முடியும். கீழே சொல்லப்போகும் பழைய எழுத்தாளர்களில் கடைசியாக இறந்தவர் ஈடித் வார்ட்டன், 1937இல். எனவே இங்கே உட்கார்ந்து இறக்கிக்கொள்வதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பை மட்டும் அங்கே தேடாதீர்கள், எல்லாம் ஆங்கிலம்தான்.

தேடும்போது எழுத்தாளரின் குடும்பப் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் அடியுங்கள். முழுப் பெயர் போட்டால் சில சமயம் சிக்காது, ஏனென்றால் பட்டியலில் பெண்களின் பெயர்கள் அந்தக் காலத்து அட்டைப்படத்தில் இருந்தபடியே கிடக்கின்றன. சார்லட் ரிடெல் அங்கே 'மிஸஸ் ஜே.ஹெச். ரிடெல்'. ஜோசப் ஹாட்லி என்ற புருஷனின் இனிஷியலை இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறார். மார்கரெட் ஒலிஃபன்ட்டும் 'மிஸஸ் ஒலிஃபன்ட்'தான். ஈடித் நெஸ்பிட்டின் முதல் பெயர் வெறும் முதலெழுத்தாகச் சுருங்கி நிற்கும். இன்னொரு வழி, தளத்திலேயே திகில், காதிக் (பாழடைந்த மாளிகை வகைத் திகில்) என்று அலமாரி பிரித்து வைத்திருப்பது. மேய்வதற்கு நன்றாக இருக்கும், ஆனால் ஆண், பெண் கலந்து கிடப்பதால் பெயர் தெரிந்து தேடுவதுதான் வேகம்.

புத்தகப் பக்கத்துக்குப் போனதும் நேராக இறக்கிவிடாமல், இணையத்திலேயே படிக்கும் வசதியைத் திறந்து உள்ளடக்கத்தைப் பாருங்கள். இந்தக் கதைகளில் பல தொகுப்புக்குள் ஒளிந்திருக்கின்றன. எலிசபெத் காஸ்கலின் 'தி ஓல்ட் நர்ஸஸ் ஸ்டோரி' வேண்டுமென்றால் 'க்யூரியஸ், இஃப் ட்ரூ' தொகுப்பை இறக்க வேண்டும். வார்ட்டனின் 'ஆஃப்டர்வர்ட்' இருப்பது 1910இல் வந்த 'டேல்ஸ் ஆஃப் மென் அண்ட் கோஸ்ட்ஸ்' நூலில்.

எந்தக் கோப்பை எடுப்பது? இபப்3 (EPUB3) என்ற மின்நூல் வடிவத்தை எடுங்கள். பழைய போன் திணறினால் பழைய கருவிகளுக்கான படமில்லாத இபப். ஒரு எம்பிகூடத் தாண்டாது என்பதால் டேட்டா பற்றிக் கவலை வேண்டாம். ரீட்எரா போன்ற இலவச ஆப்பில் திறந்தால் எழுத்தைப் பெரிதாக்கலாம், இரவில் பின்னணியைக் கறுப்பாக்கலாம். கிண்டில் என்ற மின்நூல் கருவி வைத்திருப்பவர்கள் அதே இபப் கோப்பை அப்படியே கிண்டிலுக்கு அனுப்பலாம். பழைய மோபி வடிவத்தைத் தேடி அலைய வேண்டாம், அதை இப்போது அனுப்ப முடியாது.

வெறும் டெக்ஸ்ட் கோப்பை மட்டும் தொடவே கூடாது. அதில் ஒவ்வொரு வரியும் சுமார் எழுபது எழுத்தில் வெட்டப்பட்டிருக்கும். போனின் குறுகிய திரையில் ஒரு முழு வரி, அடுத்து இரண்டே சொல், மறுபடி முழு வரி, மறுபடி இரண்டு சொல் என்று நொண்டும். பேய்க்கதைக்கு ஓட்டம்தான் உயிர். வரி நொண்டினால் பயம் வராது, எரிச்சல்தான் வரும்.

அடுத்த கோளாறு யாரும் எச்சரிக்காதது. ஒவ்வொரு கோப்பின் கடைசியிலும் குட்டன்பர்க்கின் உரிம வாசகம் ஒட்டியிருக்கும், கிட்டத்தட்ட மூவாயிரம் சொல். நாவலில் அது தெரியாது. 'த யெல்லோ வால்பேப்பர்' போன்ற ஆறாயிரம் சொல் கதையில் அது கோப்பின் மூன்றில் ஒரு பங்கு. திரையின் அடியில் 65 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே கதை முடிந்துவிடும். இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது என்று மனசு சாவகாசமாக இருக்கும், பக்கத்தைத் தள்ளினால் சட்ட வாசகம். அந்தக் கதையின் கடைசிப் பத்திகளை இப்படிப் படிப்பது அநியாயம். ஒற்றைக் கதையாக இறக்கினால் ஆப்பில் சதவீதக் காட்டியை அணைத்துவிடுங்கள்.

கதைகளுக்கு வருவோம். எதை முதலில் எடுக்கிறோம் என்பது இங்கே ரொம்ப முக்கியம். பேர்போனது என்று ஃபிராங்கன்ஸ்டைனையோ, 1794இல் வந்த ஆன் ராட்கிளிஃபின் தலையணை சைஸ் நாவலையோ எடுத்தால் ஐம்பதாம் பக்கத்தில் கைவிடுவீர்கள்.

தொடங்க வேண்டியது நெஸ்பிட்டின் 'மேன்-சைஸ் இன் மார்பிள்', 1893இல் வந்த 'கிரிம் டேல்ஸ்' தொகுப்பில் இருக்கிறது. ஆங்கிலம் எளிது, ஒரே மூச்சில் முடியும். படம் வரைந்தும் எழுதியும் பிழைக்கும் இளம் தம்பதி வாடகை கட்டுப்படியாகும் வீடு தேடி அலைந்து, கிராமத்து ஓரத்தில் ஒரு பழைய வீட்டைப் பிடிக்கிறார்கள். பக்கத்துத் தேவாலயத்தில் கவசம் போட்ட இரண்டு பளிங்குச் சிலைகள் படுத்திருக்கின்றன. வேலைக்கார அம்மாள் அக்டோபர் முடிவதற்குள் ஊருக்குப் போயாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். காரணம் கேட்கிற கணவனிடம் விஷயத்தைச் சொல்கிறாள். அவன் என்ன செய்கிறான்? மனைவி பயந்துவிடுவாள் என்று அவளிடம் மறைத்துவிடுகிறான். கதை முழுக்க அவன் வாயால்தான் வருகிறது. அன்பான மனிதன், கெட்டவனே இல்லை. அதுதான் நெஸ்பிட்டின் கெட்டிக்காரத்தனம்: எந்த இடத்தில் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்று நாம் எண்ணிக்கொண்டே வருவோம், அவனோ பைப் பிடித்துக்கொண்டிருப்பான்.

இரண்டாவது, சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'த யெல்லோ வால்பேப்பர்'. குட்டன்பர்க் தளத்தில் இதன் நூல் எண் 1952. பத்திரிகையில் வந்தது 1892 ஜனவரியில். பிள்ளை பெற்று நொந்திருக்கும் பெண்ணை, டாக்டரான கணவன் ஒரு மாடி அறையில் ஓய்வெடுக்கச் சொல்கிறான். ஜன்னலில் கம்பி, தரையோடு ஆணியடித்த கட்டில், கிழிந்த மஞ்சள் சுவர்க்காகிதம். எழுதக்கூடாது, வேலை செய்யக்கூடாது. நாத்தனார் ஜென்னி வீட்டைக் கவனித்துக்கொள்கிறாள், அவளுக்குத் தெரியாமல்தான் இவள் நோட்டில் எழுத வேண்டும். கில்மன் இதைக் கற்பனையில் பிடிக்கவில்லை. சைலஸ் வெயர் மிட்செல் என்ற புகழ்பெற்ற நரம்பு மருத்துவர் 1887இல் அவருக்கே இந்த 'ஓய்வு வைத்தியம்' பார்த்தார், பேனாவைத் தொடாதே என்று சொல்லி அனுப்பினார். படிக்கும்போது பத்திகளின் நீளத்தைக் கவனியுங்கள். ஓரிரு வரியில் அறுந்து அறுந்து வரும். யாரோ வரும் சத்தம் கேட்டு நோட்டை மறைக்கிறவளின் எழுத்து வேறு எப்படி இருக்கும்? சுவரின் அடியில், தரையை ஒட்டி ஒரு நீளமான தேய்மானக் கறை இருப்பதாக அவள் போகிற போக்கில் ஒரு வரி எழுதுவாள். அந்த வரியைத் தவறவிட்டால் முடிவு பாதிதான் புரியும்.

மூன்றாவதாக மேரி வில்கின்ஸ் ஃப்ரீமன். 1903இல் வந்த 'த விண்ட் இன் த ரோஸ்-புஷ்' தொகுப்பில் ஆறு கதைகள், ஆறும் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலேயே நடக்கின்றன. அதில் 'லூயெல்லா மில்லர்' என் கணிப்பில் பெண்கள் எழுதிய திகில் கதைகளில் முதல் வரிசை. கோரைப்பல்லும் ரத்தமும் இல்லாத ரத்தக்காட்டேரிக் கதை. லூயெல்லா அழகி, மென்மையானவள், ஒரு துரும்பையும் நகர்த்தமாட்டாள். கூட இருக்கிறவர்கள் ஆசை ஆசையாக அவளுக்கு எல்லாம் செய்து போடுவார்கள், ஒருவர் பின் ஒருவராக இளைத்துச் சாவார்கள். எதிர்வீட்டுக் கிழவி லிடியா ஒரு கட்டத்தில் பொறுக்காமல் கேட்டே விடுகிறாள். லூயெல்லாவின் பதில்: தான் ஜென்மத்தில் காபி போட்டதில்லை, புருஷன் இருந்தவரை அவர் போட்டார், அப்புறம் நாத்தனார் லில்லி போட்டாள், அப்புறம் அத்தை போட்டாள். மூன்று பேரும் செத்தாகிவிட்டது. பட்டியலை அவள் எந்த உறுத்தலும் இல்லாமல் ஒப்பிப்பாள். கிழவியின் பேச்சு அமெரிக்க நாட்டுப்புறக் கொச்சை என்பதால் முதல் இரண்டு பக்கம் இழுக்கும். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும்.

காஸ்கலின் ஆயா கதை 1852இல், சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய பத்திரிகையின் கிறிஸ்துமஸ் இதழில் வந்தது. முடிவை மாற்றச் சொல்லி டிக்கன்ஸ் நச்சரித்தார். பேய்களைக் குழந்தை மட்டும் பார்க்கட்டும் என்பது அவர் யோசனை. காஸ்கல் இணங்கவில்லை, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படியே விட்டார். ஆசிரியர் சொன்னது நியாயமா, எழுதியவர் பிடிவாதம் நியாயமா என்பதைக் கடைசிக் காட்சியைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். எனக்குக் காஸ்கல் பக்கம்தான். பேயைப் பார்க்க வேண்டியவள் குழந்தை அல்ல, அந்த வீட்டில் ஐம்பது வருஷமாக வாய்மூடி உட்கார்ந்திருக்கும் கிழவி. நடுவில் ஓர் இடம்: பனியில் காணாமல் போன குழந்தை ஒரு சிறுமி கையைப் பிடித்துக் கூட்டிப் போனதாகச் சொல்கிறாள். பொய் சொல்லாதே, பனியில் உன் ஒரு ஜோடிக் காலடி மட்டும்தானே இருந்தது என்று ஆயா அதட்டுகிறாள். குழந்தை அழுதுகொண்டே, அந்தப் பெண்ணின் காலை நான் பார்க்கவே இல்லை, என் கையை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள் என்கிறாள். சிறு வயதில் 'பேய்க்குக் கால் கிடையாது' என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மார்கரெட் ஒலிஃபன்ட்டின் 'தி ஓப்பன் டோர்' இதற்கு எதிர்ப்பக்கம். இந்தியாவிலிருந்து ஊர் திரும்பிய கர்னல் ஒருவர், இடிந்த கதவருகே குரல் கேட்டதாகச் சொல்லும் மகனை நம்ப முடிவெடுக்கிறார். நம்பினால் என்ன ஆகும் என்பது கதை.

வாடகை வீட்டுக்காரர்களுக்காகவே எழுதியது போல ஒன்று உண்டு: ரிடெல்லின் 'தி அன்இன்ஹாபிட்டட் ஹவுஸ்', 1875. சின்ன நாவல். மின்ட் தெருப் பக்கம் போர்ஷன் வீட்டில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவர்கள், கொருக்குப்பேட்டையில் வாடகைப் பாக்கிக்காகச் சண்டை போட்டவர்கள் எல்லோருக்கும் இது புரியும். வட்டிக்கு விட்டுச் சம்பாதித்தவன் செத்துக் கிடந்த வீடு. குடிவருகிறவர்கள் நிலைப்பதில்லை. ஒரு கர்னல் பாதியில் காலி செய்துகொண்டு வாடகை தரமாட்டேன் என்கிறார், விவகாரம் கோர்ட்டுக்குப் போகிறது. பேய் இருக்கிறது என்பது ஒப்பந்தத்தை முறிக்கப் போதுமான காரணமா? வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா ஒருவன் ஐம்பது பவுண்டுக்காக அங்கே படுத்துப் பார்க்கிறான். கடன், பத்திரம், தவணை எல்லாம் இவ்வளவு துல்லியமாக வரக் காரணம் உண்டு: ரிடெல்லின் கணவர் 1871இல் திவாலானவர், கடனை அடைக்க எழுதிக் குவித்தவர் ரிடெல். முதல் மூன்று அத்தியாயம் ஆபீஸ் பேச்சாகவே போகும். பொறுத்துக்கொள்ளுங்கள், பேய்க்கான கணக்கெல்லாம் அங்கேதான் எழுதப்படுகிறது.

வார்ட்டனின் 'ஆஃப்டர்வர்ட்' இதன் பணக்காரத் தங்கை. அந்த வீட்டில் பேய் உண்டு, ஆனால் பார்த்தது பேய் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். சொல்லியும் நாம் ஏமாறுகிறோம். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுவரை பேய்க்கதைப் புத்தகம் இருக்கும் அறையில் தன்னால் தூங்க முடியாது என்று எழுதியவர் வார்ட்டன். புத்தகத்தை எரித்ததும் உண்டாம்.

வெர்னன் லீயின் 'ஹான்டிங்ஸ்' (1890) கடைசிக்கு. நான்கே கதை, ஆனால் இத்தாலிய ஓவியம், இசை, வரலாறு என்று அடர்த்தியான வாக்கியங்கள். நல்ல அகராதி பக்கத்தில் இல்லாமல் இறங்காதீர்கள்.

ஃபிராங்கன்ஸ்டைனுக்கு ஓர் எச்சரிக்கை. மேரி ஷெல்லி பதினெட்டு வயதில் தொடங்கிய கதை. 1818இல் பெயர் போடாமல் வந்தது, 1831இல் அவரே திருத்தி வெளியிட்டார். குட்டன்பர்க்கில் இரண்டும் உண்டு. எல்லோரும் இறக்கும் எண் 84, அத்தியாயம் 1 முதல் 24 வரை தொடர்ச்சியாகப் போகும், அது திருத்திய பாடம். எண் 41445 என்பது 1818 பாடம், மூன்று பாகம், ஒவ்வொன்றிலும் அத்தியாயம் ஒன்றிலிருந்து தொடங்கும். முதல் பாடத்தில் கதாநாயகன் விக்டர் கட்டிக்கொள்ளப்போகும் எலிசபெத் அவனுடைய சொந்த அத்தை மகள். திருத்திய பாடத்தில் உறவே இல்லாத, தத்தெடுத்த அனாதைப் பெண். முறைப்பெண் விஷயம் நமக்குச் சாதாரணம், எனவே 1818 பாடம் நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். அதில் விக்டர் செய்வதற்கெல்லாம் விதியின் மேல் பழி போடுவதும் குறைவு. அதையே எடுங்கள்.

காதால் கேட்க விரும்புகிறவர்களுக்கு லிப்ரிவாக்ஸ். 2005இல் தொடங்கியது, தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவு செய்கிறார்கள், அதுவும் இலவசம். தரம் ஆளுக்கு ஆள் மாறும். தொகுப்பு நூல்களில் ஒரே புத்தகத்துக்குள் ஐந்தாறு குரல் வரும், ஒன்று தேன், அடுத்தது தகர டப்பா. ஆகவே ஒரே ஆள் முழுக்க வாசித்த பதிவாகப் பார்த்து எடுங்கள், முதல் இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு இறக்குங்கள். 64 கேபிபிஎஸ் பதிவு மணிக்குச் சுமார் 29 எம்பி, பேச்சுக்கு அது தாராளம். விம்கோ நகர் மெட்ரோவில் வருகிறவர்கள் ஏறுவதற்கு முன்பே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது, தண்டையார்பேட்டையில் ரயில் சுரங்கத்துக்குள் இறங்கும்.

குட்டன்பர்க்கின் பெரிய குறை, அது நிற்கும் இடம். அமெரிக்காவில் அந்தக் கால நூல்களுக்கு வெளியானதிலிருந்து 95 ஆண்டு உரிமை என்பதால் ஷெர்லி ஜாக்சனின் 1959 நாவலான 'த ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' அங்கே கிடையாது. டாஃப்னி டு மோரியேயின் 'த பேர்ட்ஸ்' கிடையாது. இன்றைக்கு எழுதுகிறவர்கள் அநேகமாக யாருமே கிடையாது. அவர்களைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஒரே ஒரு புத்தகம் வாங்கப் பணம் இருக்கிறது என்றால், அர்ஜென்டினாவின் மரியானா என்ரிக்கெஸ் எழுதிய 'திங்ஸ் வீ லாஸ்ட் இன் த ஃபயர்'. மேகன் மெக்டவல் மொழிபெயர்த்து 2017இல் ஆங்கிலத்தில் வந்தது. அதில் 'அண்டர் த பிளாக் வாட்டர்' என்ற கதை, பியூனஸ் அயர்ஸில் ஆலைக் கழிவால் செத்துப்போன ரியாச்சுவேலோ ஆற்றங்கரையில் நடக்கிறது. குடிசைப் பகுதிப் பையன்கள் இருவரைப் போலீஸ்காரர்கள் அந்தக் கறுப்புத் தண்ணீரில் தள்ளிவிட்ட வழக்கை ஒரு பெண் அரசு வழக்கறிஞர் விசாரிக்கிறார். ஆற்றுக்கடியில் என்ன இருக்கிறது என்பதுதான் திகில்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து படகும் வலையும் கறுத்ததையும், அதே மாதக் கடைசியில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து சின்னக்குப்பம், பெரியகுப்பம் மக்கள் வீட்டை விட்டு ஓடியதையும் பார்த்த பகுதி இது. இங்கிருந்து அந்தக் கதையைப் படிப்பது வேறு எங்கிருந்து படிப்பதற்கும் ஈடாகாது. சமந்தா ஷ்வெப்லினின் 'ஃபீவர் ட்ரீம்' குறுநாவலும் இதே நாடு, இதே மொழிபெயர்ப்பாளர், இதே விஷம்: பூச்சிமருந்து கலந்த தண்ணீர், பிள்ளையை எவ்வளவு தூரம் விட்டால் ஓடிப்போய்க் காப்பாற்ற முடியும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் ஒரு தாய். அத்தியாயப் பிரிவே இல்லாமல் ஓடும் என்பதால் ஒரே அமர்வில் முடிக்க நேரம் ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

இவற்றைப் பழைய புத்தக விலைக்குத் தேடி மூர் மார்க்கெட் கடைகளுக்குப் போகிறவர்கள் பதிப்பு விவரப் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்து மங்கலாகவும் ஓரம் சாய்ந்தும் இருந்தால் நகலெடுத்த திருட்டுப் பதிப்பு. அவற்றில் பக்கங்கள் விட்டுப்போவது சகஜம், கடைசிக் கதையின் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே நின்று புரட்டிவிடுங்கள்.